கொடியில் துணி தொங்கினால் காரைக் கழுவலாம்

கார் கழுவுகிற தொழிலில் தண்ணீர் மோட்டாரிலிருந்து வந்தால் வருமானம், மேலிருந்து வந்தால் நஷ்டம். கழுவித் துடைத்த காரை ரோட்டுக்கு எடுத்ததும் மழையில் மாட்டியவர்களும், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்தே கழுத்து வலி வந்தவர்களும் இதைப் படித்து ஆறுதல் அடையலாம்.

கள்ளக்குறிச்சியில் சங்கராபுரம் ரோட்டில், வீட்டு வாசலிலேயே எங்கள் வாட்டர் வாஷ் கடை. புதுக் கடை. கணவர் கழுவுவார். நான் கல்லாவில், மடியில் மகள்.

உச்சி வெயில்

பானெட்டில் தோசை வார்க்கலாம் என்கிற வெயிலில்தான் எல்லோரும் வருவார்கள். ஷாம்பு போட்ட இடத்திலேயே காய்ந்து வெள்ளைத் திட்டாக நிற்கும். தியாகதுருகத்தில் நெல் மண்டி வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம், "மேகம் போட்ட நாளில் வாங்கய்யா, பளிச்சுனு இருக்கும்" என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"மேகம் போட்டா மழையே சும்மா கழுவிடுமே, உனக்கு இன்னாத்துக்கும்மா காசு?"

மலை ஜீப்

கல்வராயன் மலையிலிருந்து ஒரு ஜீப் டிரைவர் வருவார், அதுவும் மழைக்காலத்தில் மட்டும். கூரை வரைக்கும் செம்மண் சேறு. கழுவி முடித்ததும் அதே மழையில், அதே சேற்றில் திரும்பி ஏறுவார். "மேலே போனா மறுபடியும் இதே கதிதானேண்ணே?" என்று கேட்டேன்.

"இதுக்கும் மேல அப்பிச்சுன்னா எது வண்டி, எது மலைன்னு தெரியாது தங்கச்சி."

கொடி

சில நாட்கள் கார்கள் கடை வரைக்கும் வந்து, வேகம் குறைத்து, எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும். காரணம் புரியவில்லை. மண்டிக்காரர்தான் சொன்னார்: எல்லோரும் பார்ப்பது எங்கள் துணிக்கொடியை. குழந்தைத் துணி தொங்கினால் மழை வராது, கழுவலாம். நான் துணியை எடுத்துவிட்டால் மழை நிச்சயம்.

மகளுக்குச் சளி பிடித்தால் மூச்சு இழுக்கும். துணியில் ஈரம் இருந்தால் எனக்கு இரவெல்லாம் தூக்கம் கிடையாது. கான்வென்டில் மேகங்களின் பெயரை எல்லாம் மனப்பாடம் செய்தவள்தான். ஆனாலும் கையளவு மேகம் வந்தாலே துணியோடு உள்ளே ஓடிவிடுவேன். ஒரு வாரம் தினமும் மேகம் போட, கடையில் ஈ ஓட்டினோம். கணவர் குழாயைச் சுருட்டிப் போட்டார்.

"ஏம்மா, உன் பயத்துக்கு ஒரு நாளாவது லீவு குடேன்."

காய்ந்த துணி

மறுநாள் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்தது. மகளைத் தூங்க வைத்துவிட்டு வெளியே வந்தால் வாசலில் மூன்று கார்கள். கொடியைப் பார்த்தேன். நான் உள்ளே காயவைத்து மடித்த துணிகள் வரிசையாகத் தொங்கின. கணவர் என் முகத்தைப் பார்க்காமல் டயரைக் கழுவினார்.

நான் வாய் திறப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. துடைத்து நிறுத்திய மண்டிக்காரரின் வெள்ளைக் கார் நனைந்தது. அவர் குடையோடு இறங்கி ஓடிவந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். அவரோ குடையைக் கொடிக்குப் பிடித்தார். துணியெல்லாம் என் கைக்கு வந்த பிறகுதான் பேசினார்.

"உன் பயத்த நம்பித்தாம்மா வண்டிய எடுத்துக்கினு வரேன். இனிமே துணிய நீயே போடு, உன் வூட்டுக்காரரு கையில குடுக்காத."

அன்றிலிருந்து குழாய் கணவர் பொறுப்பு, கொடி என் பொறுப்பு. மேகம் வந்தால் எங்கள் வீட்டில் நனைவது வியாபாரம் மட்டும்தான்.