அண்ணாச்சி வண்டிக்குச் செருப்பு ஆகாது

இன்று காலை இடைசெவலில் உளுந்து மூட்டைகளை ஏற்றியாயிற்று. மேகம் வேறு கறுத்து நின்றது. முத்தையா அண்ணாச்சியின் பழைய பிக்கப், கியர் போட்டதுமே குலுங்கி அணைந்துபோனது.

"கிளட்ச் பிளேட் போச்சு," என்றார் டீக்கடைக்காரர்.

"டீசல்ல தண்ணி," என்றார் டீ குடிக்க வந்தவர்.

நானும் பார்க்கலாமென்று ஏறப்போனேன். அண்ணாச்சி தடுத்தார்.

"ஏலே, செருப்பக் கழத்திட்டு ஏறு. வண்டி லெச்சுமில்லா!"

அண்ணாச்சியும் வெறுங்காலோடுதான் ஓட்டுவார். செருப்பைக் கழற்றி சீட்டுக்கு அடியில் தள்ளிவிடுவார்.

கிளட்சை மிதித்தேன். பாதிதான் இறங்கியது. குனிந்து பார்த்தால், பெடலுக்கு அடியில் அவருடைய செருப்பு.

எடுத்து நீட்டினேன்.

"பாத்தியா, செருப்பு வண்டிக்கு ஆகாதுன்னு நான் அப்பவே சொன்னேம்லா?"

இப்போது கோவில்பட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறோம். இரண்டு ஜோடிச் செருப்பும் என் மடியில்.

லெச்சுமிக்கு ஆகாதது எனக்கு மட்டும் ஆகுமா, நீங்களே சொல்லுங்கள்.