போறேன்னு சொன்ன கேசட்டு

எம் பொண்டாட்டி கன்னியம்மாவைப் பத்தி எவன்னா கேட்டா மொதல்ல இதான் சொல்லுவேன்: சிரிப்புப் படம் பாத்து பயந்த பொம்பள ஊர் உலகத்துல அவ ஒருத்திதான். எம் பேரு வேம்புலி. அம்பத்தூர் எஸ்டேட்ல டெம்போ ஓட்டிகினு இருந்தேன். அவ அங்கியே ஒரு நட்டு போல்ட்டு கம்பெனில பாக்கிங் வேலை. பேச்சு கம்மி. ஆனா சிரிச்சான்னு வச்சுக்கோ, பக்கத்து ஊட்டுக்காரி எட்டிப் பாப்பா. கொரட்டூர்ல ஊடு தேடசொல்லோ, காத்து வரட்டுமேன்னு ஏரிப் பக்கமாப் பாத்துப் புடிச்சேன். அந்தப் பக்கத்து ஜன்னலை அவ தொறக்கவே மாட்டா. புழுக்கத்துல செத்துடுவோம்டின்னா, "அப்ப நீ வெளிய போய்ப் படு"ம்பா. இன்னா பண்றது, கட்டிகினாச்சு.

காரணம் எனக்குத் தெரியும், அதான் கம்முனு இருந்தேன். அவ அம்மா தாயம்மாள் செம்பரம்பாக்கம் பக்கம் நாத்து நட்டு பொழச்ச பொம்பள. கன்னியம்மாவுக்கு மூணு வயசு ஆவசொல்லோ, குடத்தைத் தூக்கிகினு ஏரிக்குப் போனவ திரும்பல. மறுநாள் தண்ணி மேல மெதந்தா. வழுக்கி உழுந்தாளா, தானா எறங்கினாளா, ஒருத்தருக்கும் தெரியாது. தாயம்மாளோட தங்கச்சி நாகம்மாள்தான் கொழந்தைய வளத்துச்சு. சோத்துக்குக் கொற வைக்கல, வாய்தான் சும்மா இருக்காது. "உங்கம்மா அன்னிக்கு 'போறேன்'னு சொல்லிட்டுப் போனாடி. போய்ட்டு வரேன்னு சொல்லல. சொல்லியிருந்தா வந்திருப்பா"ன்னு நெனச்சப்பல்லாம் சொல்லும்.

நம்ம ஜனங்க தெருமுனைக் கடைக்குப் போனாக்கூட 'வரேன்'னுதான சொல்லுவோம்? 'போறேன்'னு சொன்னா வாயிலயே ஒண்ணு போடுவாங்க. அப்படியிருக்க, பெத்த புள்ள கிட்ட ஒருத்தி 'போறேன்'னு சொன்னா இன்னா அர்த்தம்? நீ வேணாம், நான் கெளம்புறேன்னு அர்த்தம். கன்னியம்மா மனசுல அது தைச்சுப்போச்சு. கல்யாணமான புதுசுல ஒரு தபா எங்கிட்ட கேட்டா, "மாமா, மூணு வயசுல நான் அப்படி இன்னா பண்ணிட்டேன்?"

அம்மா மூஞ்சியும் அவளுக்குத் தெரியாது. ஊட்டுல ஒரு போட்டோ கெடையாது. ஆனா ஒரு எடத்துல கீறான்னு நாகம்மாள் சொல்லும். செத்ததுக்கு முந்தின மாசம் ஏரிக்கரையில ஒரு சினிமா புடிச்சாங்களாம். பணக்கார ஊட்டுப் பொண்ணும் சோத்துக்கில்லாத ஒரு வாத்தியாரும் படம் பூரா அடிச்சிக்குவாங்க. ஒரு கல்யாணக் கோஷ்டி இவங்கதான் பொண்ணு மாப்பிள்ளைன்னு நெனச்சு மாட்டு வண்டியில ஏத்திகினு போயிடும். கடைசில நெசமாவே தாலி. அதுல ஏரிக்கரையில நிக்கிற கும்பல்ல தாயம்மாளும் நின்னிருக்கா. எல்லாரும் இடது இடுப்புல குடம் வைப்பாங்க, அவ மட்டும் வலது. நொட்டாங்கை.

எண்பத்தேழுல பொங்கலுக்கு எங்க தெருவுல டிவியும் கேசட் போடுற வீடியோ டெக்கும் வாடகைக்கு எடுத்தாங்க. வந்த கேசட்டுல இந்தப் படமும் ஒண்ணு. பட்டப்பகல், தெருவே ஒக்காந்து கெக்கெக்கேன்னு சிரிக்குது. கன்னியம்மா எல்லாரையும் விட ஜாஸ்தி சிரிச்சா. ஏரிக்கரை வந்துச்சு. சண்டை போட்டுகினு பணக்காரப் பொண்ணு வெடுக்குனு நடக்குறா. ஓரத்துல ஒருத்தி முதுகு காட்டி நிக்கிறா, வலது இடுப்புல குடம். மூஞ்சிய இந்தப் பக்கம் திருப்பப் போறா. "போறேன்"னு ஒரு கொரல். படக்குனு படம் குதிச்சு, அடுத்தாப்ல வண்டி சேத்துல கவுந்து கெடக்குது. ஜனம் உழுந்து உழுந்து சிரிக்குது. எம் பக்கத்துல சிரிப்பு நின்னுபோச்சு.

எனக்கும் ஒடம்பு சிலுத்துச்சு, பொய் சொல்லல. அந்த முதுகு எங்கூட்டு அடுப்பாண்ட தெனமும் நான் பாக்குற முதுகு.

அம்பத்தூர் ஓ.டி.யில மனோகரன்னு ஒருத்தர் கேசட் கடை வச்சிருந்தாரு. கன்னியம்மா அவரு கிட்ட அந்தக் கேசட்டை வெலைக்கே வாங்கிட்டா. போனஸ்ல ஒரு பழைய டெக்கு. ஞாயித்துக்கெழமை ஆனா அதே எடம், ரீவைண்டு, மறுபடி அதே எடம். டேப்பு தேஞ்சு, கொரல் தண்ணிக்கடியில இருந்து வர மாதிரி ஆயிடுச்சு. போறேன். போறேன். "ஏன்டி, சனியனை வெலை குடுத்து வாங்கி நடுவூட்டுல வச்சிருக்கியா?"ன்னு கத்தினேன். "மூஞ்ச காட்டட்டும், அப்பால நிறுத்திடறேன்"னா.

ஒரு நாள் மத்தியானம் சோத்துக்கு வந்தேன். வாசப்படியில கால் வைக்கசொல்லோ உள்ளேருந்து "போறேன்"னு கேட்டுச்சு. இவ கேசட் போட்டுட்டான்னு கடுப்போட உள்ள போனா, டெக்குக்கு மேல துணி மூடிக் கெடக்குது, கரண்டே இல்ல. இவ கத்திரிக்கா அரிஞ்சிகினு கீறா. "யாருடி பேசினது?"ன்னேன். தலை நிமிராம, "உனக்கும் கேட்டுச்சா?"ன்னா. சோத்தைத் தொடாம டெம்போவை எடுத்துகினு கெளம்பிட்டேன்.

அப்பால ஒரு ஞாயித்துக்கெழமை சாயந்திரம் டிவியில அதே படம் போட்டான். பதிஞ்சு வச்சோம். அது வேற மாதிரி. நேரம் பத்தலைன்னு சண்டையவே வெட்டிட்டான். எந்தக் காரணமும் இல்லாம ஏரிக்கரையில குடத்தோட தாயம்மாள் ஒருத்தி மட்டும் நிக்கிறா. இதுல திரும்புறா, கொஞ்சம். காதுல தோடு தெரியுது, கன்னம் தெரியுது, தாடை அசையுது. ஆனா சத்தம் இல்ல. அந்த எடத்துல மட்டும் படம் ஊமை. வாய் மட்டும் ஏதோ சொல்லிகினே கீது. சத்தம் போட்ட கேசட்டே தேவலாம்னு ஆயிடுச்சு எனக்கு. ரெண்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தா கன்னியம்மா. "இதுல ஒரு வார்த்தை இல்ல மாமா, நெறைய பேசுது பாரு"ன்னா. எண்ணிப் பாத்தா எனக்கும் அப்படித்தான் பட்டுச்சு, வாய் அத்தினி தபா அசைஞ்சுது.

மனோகரன்தான் வெளங்க வச்சாரு. "உன் கேசட்டு தேஞ்ச பிரிண்டுலேருந்து எடுத்தது வேம்புலி. டூரிங் கொட்டாய் கொட்டாயா சுத்தி, அறுந்து அறுந்து ஒட்டின படம். சிங்கப்பூருக்குப் போன பிரிண்டு முழுசா இருக்கும், அங்க இருக்குற என் மச்சான் வரசொல்லோ எடுத்தாரச் சொல்றேன்." சொன்னாரே ஒழிய, மச்சான் வர வருசம் ஆச்சு. தொண்ணூத்திரெண்டுல வந்து சேந்துச்சு, அடியில இங்கிலீசு எழுத்து ஓடுற கேசட்டு.

நாகம்மாளைக் கூட்டியாந்து ஒக்கார வச்சோம். கேசட்டை என்னைப் போடச் சொன்னா கன்னியம்மா.

ஏரிக்கரை வந்துச்சு. தண்ணிய இப்பத்தான் ஒழுங்காப் பாக்குறேன், அம்மாம் கிட்ட கீது. பணக்காரப் பொண்ணு வாத்தியார் கிட்ட "நான் போறேன்"னு கத்திட்டு நடக்குறா. முதுகு திரும்புச்சு. முழுசா திரும்புச்சு. சின்னப் பொண்ணு அது, இருவது வயசு இருக்குமா? எம் பொண்டாட்டிய விட எளசு. சிரிச்சிகினே சொல்றா, "போறேன்னு சொல்லாதம்மா. வயித்துல புளியக் கரைக்குது. போய்ட்டு வரேன்னு சொல்லு."

நான் டிவியை அணைச்சேன். பிளக்கையும் புடுங்கினேன், பயம்தான்.

நாகம்மாள் மூஞ்சி வெளுத்துப்போச்சு. "இதான், இந்தக் கொரல்தான்"னுச்சு. "அவ செத்ததுக்கு மறு வருசம் கொட்டாயில இந்தப் படம் போட்டான். மண்ணுல குந்திப் பாத்தேன். 'போறேன்'னா, அதோட படம் அறுந்துடுச்சு. அதைத்தான் நான் இத்தினி வருசமா, அவ உங்கிட்ட சொன்னதா..."

"அப்ப அன்னிக்கு எங்கம்மா எங்கிட்ட இன்னாதான் சொல்லுச்சு சின்னம்மா?"ன்னு கேட்டா கன்னியம்மா.

"எனக்குத் தெரியாதுடி கண்ணு. நான் கழனியில இருந்தேன். ஊட்டுல நீ ஒருத்திதான் இருந்த."

நாகம்மாள் மூஞ்சிய மூடிகினு அழுவுது. கன்னியம்மா அழுவல. அப்பால மெதுவா எழுந்து தெருக்கதவாண்ட போனா. தாழ்ப்பாள எடுத்து கதவைத் தொறந்து, பக்கமா ஒதுங்கி நின்னா, உள்ளேருந்து யாரோ வெளிய போறதுக்கு வழி வுடற மாதிரி.

"சரிம்மா, போய்ட்டு வா"ன்னா.

"யாருடி? யாருகிட்ட பேசுற?"ன்னேன்.

"அம்மா வரேன்னு சொல்லுது மாமா. அன்னிக்கு நான் சின்னப் புள்ள, பதில் சொல்லத் தெரியல"ன்னா.