‘வாங்கிட்டேன்’ என்று சொல்லும்வரை

அந்தத் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஆலையின் வாட்ஸ்அப் குழுவில் நான்கு நிமிட இடைவெளியில் இரண்டு செய்திகள் வந்தன. முதலாவது பொது மேலாளருடையது. மாற்றத் திட்டத்தின் இரண்டாம் கட்டம் அடுத்த மாதம் தொடங்குகிறது. ஷிப்டு நேரத்துக்கு முன்னால் கேட் யாரையும் உள்ளே விடாது, நேரம் முடிந்தபின் யாரையும் உள்ளே வைத்திருக்காது. அம்மோனியா அறையும் இதில் அடக்கம். பிரிவுத் தலைவர்கள் தங்கள் ஒப்புதலை இங்கேயே தெரிவிக்கலாம். இரண்டாவது செய்தி அம்மோனியா அறையில் வேலை பார்க்கும் முனிராஜுடையது. “சூசையண்ணன் இன்னிக்கி விடிகாலைல நெஞ்சுவலில தவறிட்டாரு.”

இரண்டுக்கும் நான் கட்டைவிரலைத் தூக்கினேன்.

பல் துலக்கிக்கொண்டிருந்தேன் என்பதைத் தவிர வேறு சமாதானம் என்னிடம் இல்லை. எனக்கு முன்னால் சிலரும் பின்னால் பலரும் அதையேதான் செய்திருந்தார்கள். ஒருவர் மட்டும் ‘நோட்டட்’ என்று எழுதியிருந்தார். எந்தச் செய்தி வந்தாலும் விரலைத் தூக்கப் பழகிய ஆலை நம்முடையது. வாயில் நுரையோடு இரண்டாவது செய்தியை மறுபடி படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அதிலிருந்து விரலை எடுத்துவிட்டேன். முதல் செய்தியில் வைத்த விரல் அப்படியே இருந்தது. இந்த அஞ்சலி அந்த விரலைப் பற்றியதும்தான்.

இதைப் படிக்கும் உங்களில் பெரும்பாலோருக்குச் சூசையைத் தெரியும். தெரியாதவர்களுக்காக: காரிமங்கலத்துக்கு வெளியே இருக்கும் எங்கள் தனியார் பால் ஆலையில் இருபத்து நான்கு வருடங்களாக அம்மோனியா அறையைப் பார்த்துக்கொண்டவர். பாலைக் குளிர வைப்பது அம்மோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை அது சாது. வெளியே வந்தால் முதலில் கண்ணையும் பிறகு நுரையீரலையும் எடுத்துக்கொள்ளும். ஓய்வுபெற சூசைக்கு இன்னும் ஒரு வருடம் இருந்தது. கடத்தூர்ப் பக்கம் விவசாயக் குடும்பம், கத்தோலிக்கர். கொஞ்சம் மல்பெரித் தோட்டமும் பட்டுப்புழுக் கொட்டகையும் உண்டு.

அவர் இனிமையானவர் என்று எழுத வேண்டிய இடம் இது. அவர் எரிச்சலூட்டுகிறவர். ஒரு விஷயத்தை மூன்று முறை சொல்வார், நாமும் மூன்று முறை திருப்பிச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அவருடைய துண்டை யாரும் தொடக்கூடாது. கம்பெனி பஸ்ஸில் குறட்டை விடுவார். எழுப்பினால், தான் தூங்கவில்லை என்று சாதிப்பார்.

மூன்று வருடங்களுக்கு முன்பு மாற்றத் திட்டத்தின் முதல் கட்டம் வந்தபோது அதற்கு நான்தான் ஒருங்கிணைப்பாளர். மாற்றத்தை எப்படி நடத்துவது என்று சொல்லும் ஒன்பது புத்தகங்களை அதற்குள் படித்திருந்தேன். பெரிய திட்டங்கள் தோற்பதற்குக் காரணம் ஊழியர்களின் எதிர்ப்பே என்பதில் ஒன்பதும் ஒரே குரலில் பேசின. எங்கள் ஆலையில் எதிர்ப்பே இல்லை. எதைச் சொன்னாலும் “சரிங்க சார்” என்றார்கள். ஆகவே வெற்றி உறுதி என்று முடிவுக்கு வந்தேன். இந்த மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும், ‘சரிங்க’ என்பது இங்கே ஒப்புதல் அல்ல, ‘நீங்கள் பேசி முடித்துவிட்டீர்கள் என்று தெரிகிறது’ என்பதற்கான மரியாதைச் சொல் என்பதை அந்த ஒன்பது புத்தகங்களும் சேர்ந்து என்னை மறக்க வைத்திருந்தன.

தொடக்க விழாவுக்கு பெங்களூரிலிருந்து ஆலோசகர் ஒருவர் வந்தார். கேசரி கொடுத்தோம். திரையில் ஒரு புழுவையும் கூட்டையும் பட்டாம்பூச்சியையும் காட்டி, நாம் எல்லோரும் இப்போது கூட்டுக்குள் நுழைகிறோம் என்றார். சந்தேகம் உண்டா என்று அவர் வழக்கத்துக்காகக் கேட்க, சூசை எழுந்துவிட்டார்.

“எங்க ஊட்ல பட்டுப்புழு வளக்கறோமுங்க. கூடு கட்டுனதும் தருமபுரிக்கு ஏத்திடுவோம். வாங்கிட்டுப் போறவங்க கொதிக்கிற தண்ணில போடுவாங்க. பட்டாம்பூச்சி ஒண்ணுகூட நான் பாத்ததில்லீங்க.”

சிரிப்பு அடங்கும்வரை நின்றார். அவர் சிரிக்கவில்லை. “அது கெடக்கட்டுங்க. எல்லாரும் கூட்டுக்குள்ள இருக்கறப்ப மிஷின யாரு பாத்துக்கறது?”

நல்ல கேள்வி என்று ஆலோசகர் பாராட்டினார். பதில் சொல்லவில்லை. நான் அதைக் குறிப்பேட்டில் ‘நகைச்சுவையான சூழல்’ என்று பதிவு செய்தேன்.

அம்மோனியா அறைக்கு ஒரு பழக்கம் இருந்தது. ஷிப்டு மாறும்போது இறங்குகிறவர் ஏறுகிறவரை அறை முழுக்க நடத்திக் கூட்டிப்போவார். ஒவ்வொரு வால்விலும் கை வைத்து நிலைமை சொல்வார். கடைசியில் “வாங்கிட்டியா?” என்று கேட்பார். “வாங்கிட்டேன்” என்ற சொல் வரும்வரை இறங்குகிறவர் நகரமாட்டார். கால் மணி நேரம் ஆகும். ஒரு முறை முனிராஜ் அவசரத்தில் “சரிங்கண்ணா, சரிங்கண்ணா” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்ததால் சூசை பஸ்ஸைத் தவறவிட்டு, பால் வண்டியில் தொற்றிக்கொண்டு வீடு போனார். அந்தக் கால் மணி நேரத்தை வீண் என்று அட்டவணையில் சிவப்பு வண்ணமிட்டவன் நான். அதற்குப் பதிலாக செல்பேசியில் ஒரு பொத்தான். இறங்குகிறவர் நிலைமையை எழுதி அனுப்புவார், ஏறுகிறவர் ‘சரி’யை அழுத்துவார், திரை பச்சையாகும். பச்சை வந்தால் ஆள் வந்துவிட்டார் என்று பொருள். பயிற்சி வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்ததும் நான்தான்.

அந்தச் சொல்லில் என்ன இருக்கிறது, ‘சரி’ போதாதா என்று நான் அவரிடம் கேட்டேன். கொஞ்சம் கோபமாகத்தான் கேட்டேன். அவர் காரிமங்கலம் சந்தையில் மூட்டை மாற்றுவதைச் சொன்னார்.

“ஒருத்தரு தலையிலருந்து இன்னொருத்தரு தலைக்கு மூட்டைய மாத்தி வுடறோம். கீழ இருக்கறவன் சரிங்கறான். அத நம்பிக் கைய எடுத்தா அவன் கழுத்து போயிடும். சரிங்கறது காது சொல்றதுங்க. வாங்கிட்டேங்கறது கழுத்து சொல்றது.”

ஒன்பது புத்தகங்களிலும் கழுத்து வரவில்லை.

பொத்தான் வந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பகல் இரண்டு மணி. சூசைக்கு அன்று வார விடுப்பு. மகள் கல்யாணத்துக்காக விடுப்புக் கடிதம் கொடுக்க வந்தவர், வீட்டுக்குத் திரும்பக் கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டிருந்தார். நான் பச்சைத் திரையோடு அம்மோனியா அறை வாசலையும் சேர்த்துப் படமெடுத்துப் பெங்களூருக்கு அனுப்ப அந்த வழியாகப் போனேன். சூசை பஸ் படியில் ஒரு காலை வைத்தவர் அப்படியே நின்றார். பஸ்ஸுக்குள் ஜன்னலோரம், ஷிப்டு முடித்த முனிராஜ் உட்கார்ந்திருந்தார். எதிரே கேன்டீன் ஜன்னலில், ஷிப்டுக்கு வந்த செல்வம் தட்டோடு உட்கார்ந்திருந்தார். சூசை இவரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

“அப்ப உள்ள யாரு?” என்றார்.

என் செல்பேசியில் திரை பச்சையாகத்தான் இருந்தது. அதை அவரிடம் காட்டினேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது: அதை நான் அவரிடம் காட்டினேன்.

உள்ளே நடந்தது இதுதான். ஷிப்டு முடியக் கொஞ்சம் முன்னால் முனிராஜ் குழாயில் தேங்கிய எண்ணெயை வடிக்க ஒரு வால்வைத் திறந்திருந்தார். எண்ணெய் தீர்ந்ததும் அதன் பின்னாலேயே அம்மோனியா வரும் என்பதால் பக்கத்தில் ஆள் நின்றே ஆக வேண்டும். நேரம் முடிந்தது என்று செல்பேசி ஒலிக்க, ‘எண்ணெய் வடிகிறது, நிற்கவும்’ என்று எழுதி அனுப்பினார். செல்வம் கேன்டீனிலிருந்தே, இதோ போகப் போகிறோமே என்று ‘சரி’யை அழுத்தினார். பச்சை வந்தது. ஆள் வந்துவிட்டார் என்று முனிராஜ் மறுபக்கக் கதவால் வெளியேறினார். இருவருமே நான் சொல்லிக்கொடுத்ததைப் பிசகாமல் செய்திருந்தார்கள்.

அதற்குள் வாடை வந்துவிட்டது. நான் ஓடினேன். காற்று போகும் திசையிலேயே ஓடினேன், அதாவது வாயுவுக்குத் துணையாக. சூசை பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தார். “காத்தப் பாருங்க சார்” என்று கூரைமேல் காற்றின் திசை காட்டும் துணிப்பையைக் காட்டி என்னைக் குறுக்கே தள்ளிவிட்டார். யாரையும் தொடவிடாத துண்டை நனைத்து என் முகத்தில் கட்டினார். பிறகு கதவோரம் தொங்கிய முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரை எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. சுவருக்கு அடுத்த பக்கம் பாக்கெட் பிரிவில் பெண்கள் பேசிச் சிரிப்பது கேட்டுக்கொண்டிருந்தது. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது. அந்தச் சிரிப்பு எந்த நொடியில் இருமலாக மாறும் என்று காதைக் கொடுத்து நின்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு பயந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மாறவில்லை. வால்வை மூடிவிட்டு வந்தார். கண்கள் இரண்டும் ரத்தச் சிவப்பாக இருந்தன. முனிராஜையோ செல்வத்தையோ அவர் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது.

மாத இறுதியில் நான் அறிக்கை எழுதினேன். திரை முழுநேரமும் பச்சையாக இருந்ததால் அன்றைய தினம் பதிவுகளில் எதுவும் நடக்கவில்லை. முதல் கட்டம் வெற்றி என்று எழுதினேன். எழுதாவிட்டால் முனிராஜுக்கு வேலை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போயிருக்கக்கூடியது என் வேலை. அறிக்கையைத் தமிழில் சொல்லச் சொல்லி, சூசை அதைக் கடைசிவரை கேட்டார்.

“நீங்க அன்னிக்கி பயந்தீங்களே சார், அது இதுல எங்கியும் காணமே” என்றார். “அந்த ரூமுக்கு அதான் மீட்டரு. அத எழுதலைன்னா வேற என்னத்த எழுதுனீங்க?”

அதன்பின் மூன்று வருடங்கள் திரை பச்சையாகவே இருந்தது. ஏன் தெரியுமா? சூசை தினமும் கால் மணி நேரம் முன்னதாக வந்தார். முனிராஜும் செல்வமும் கால் மணி நேரம் தாமதமாகப் போனார்கள். பழையபடி நடந்து, வால்வுகளைத் தொட்டு, சொல்லைச் சொல்லி, கடைசியில் என் பொத்தானையும் ஒரு மரியாதைக்காக அழுத்தினார்கள். ஆலோசகர் எங்கள் ஆலையை மற்ற ஊர்களில் உதாரணம் காட்டுகிறாராம். வெற்றிபெற்ற பெரிய மாற்றங்கள் பலவற்றுக்கு அடியில், அவற்றுக்குக் கீழ்ப்படியாத இரண்டு மூன்று பேர் கழுத்தைக் கொடுத்து நின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன். பத்தாவது புத்தகம் எழுதினால் அதில் இந்த ஒரு வரிதான் இருக்கும். திங்கட்கிழமை நான் விரல் தூக்கிய இரண்டாம் கட்டம், அந்த இரண்டு கால் மணி நேரங்களையும் கேட்டுக்கு வெளியே நிறுத்துகிறது.

செவ்வாய்க்கிழமை அடக்கம். மாதா கோயிலிலிருந்து கல்லறைக்குப் பெட்டியைத் தோளில் கொண்டுபோனார்கள். பாதி வழியில் தோள் மாற்றும்போது முனிராஜ் என்னைக் கூப்பிட்டு, தன் மூலையைக் கொடுத்தார். நான் தோளைக் கொடுத்தேன். அவர் கையை எடுக்கவில்லை.

“வாங்கிட்டீங்களா சார்?”

“சரி முனிராஜ்.”

“சரியெல்லாம் வேணாங்க சார்.”

நின்றோம். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள். பெட்டியின் விளிம்பு எலும்பில் ஏறி உட்காரும்வரை காத்திருந்துதான் அந்தச் சொல்லைச் சொன்னேன். அப்போதுதான் அவர் கை விலகியது. சூசை ஒல்லியான மனிதர். அவ்வளவு கனம் இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் முனிராஜிடம் விஷயத்தைச் சொன்னேன். அன்று வாயு கசிந்ததை எழுதாமல் இரண்டாம் கட்டத்தை நிறுத்த முடியாது, எழுதினால் அவர் பெயரும் வரும் என்றேன். “எம்பேரையும் போட்டுக்குங்க சார். அண்ணன் பேர மொதல்ல போடுங்க” என்றார்.

புதன்கிழமை காலை, முதல் செய்தியிலிருந்தும் என் விரலை எடுத்தேன். ‘அம்மோனியா அறைக்கு என் ஒப்புதல் இல்லை. காரணம்: பயம்’ என்று குழுவில் எழுதினேன். ஐந்து நிமிடத்தில் பொது மேலாளர் அழைத்தார். எல்லோரும் சரி என்றுவிட்டார்களே என்று கேட்டுவிட்டு, “மொதக் கட்டம் சக்சஸ்னு ரிப்போர்ட் எழுதுனதே நீங்கதான சார்?” என்றார். ஆமாம், அது பொய் என்றேன். அன்று மாலைக்குள் மூன்று பக்கங்கள் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பினேன். மூன்று வருடங்களுக்கு முன்பு விட்டுப்போனதை இம்முறை முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன். அடுத்த வெள்ளிக்கிழமை விளக்கம் சொல்ல வரும்படி அழைத்திருக்கிறார்கள். என்ன ஆகும் என்று தெரியவில்லை. பயமாகத்தான் இருக்கிறது. மீட்டர் வேலை செய்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

சூசையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவை: நான் திருப்பிக் கொடுக்காமலே விட்ட அந்தத் துண்டு, பதில் கிடைக்காத ஒரு கேள்வி, ஒரு சொல். அடக்கம் முடிந்ததிலிருந்து தினமும் ஒன்றே முக்கால் மணிக்கு அம்மோனியா அறை வாசலில் போய் நிற்கிறேன். வால்வுகளைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே யார் என்று மட்டும் கேட்கிறேன். அவரை அறிந்த நீங்கள் இதற்கு விரலைத் தூக்க வேண்டாம். எனக்குப் பிறகு இந்த மூலையைத் தாங்க யாராவது வந்து, அவர்கள் வாயால் அந்தச் சொல்லைச் சொல்லட்டும். அதுவரை நான் கையை எடுப்பதாக இல்லை.