நாத்தனார் பூ வைத்த படம்

இராமேஸ்வரம் போய்விட்டு நெய்வேலிக்குத் திரும்பும் டூர் பஸ்ஸில், என் போனில் இடமில்லை என்று வந்தது.

மருமகள் வாங்கிப் பார்த்தாள். "படமெல்லாம் நெட்ல ஏறிடுச்சு அத்தை. போன்ல இருக்கிறத அழிச்சிடறேன்."

"நல்லா பாத்துக்கினியாடி?"

"பாத்துட்டேன் அத்தை."

போனுக்குள் இருக்கும் குப்பைத்தொட்டியையும் காலி செய்துதான் கொடுத்தாள்.

இன்று காலை குவார்ட்டர்ஸுக்கு வந்து நெட்டில் திறந்து பார்த்தால், ஏறியிருப்பதெல்லாம் நம் பிளாக் குரூப்பில் வந்த குட் மார்னிங் படங்கள். ரோஜாப்பூ, காபி டம்ளர், சூரியன். லாட்ஜ் வைஃபையில் அதுவரைக்கும்தான் ஏறியதாம்.

கோபுரம் போனால் போகட்டும். என் நாத்தனார் எனக்குத் தலையில் பூ வைத்த படமும் போய்விட்டது.

தன் மகள் கல்யாணத்தில் என்னைப் பந்தியிலிருந்து எழுப்பிவிட்டவள் அவள். எழுப்பும்போது இலையில் அப்பளம்கூட வைத்திருந்தார்கள். அன்றிலிருந்து பேச்சில்லை. இந்த டூரில்தான், கோயில் வாசலில் அவளாகவே வந்து, "மனசுல வச்சிக்காதீங்க அண்ணி" என்று பூவை வைத்தாள். மருமகள்தான் படம் எடுத்தாள்.

படம் போனதைச் சொல்ல இப்போது அவளுக்குப் போன் செய்தேன்.

"பூவா? நானா? எப்போ அண்ணி?" என்கிறாள்.

அந்தப் பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது படம் எடுத்திருந்தால் இந்தக் குரூப்பில் போடுங்கள். தயவுசெய்து குட் மார்னிங் போடாதீர்கள்.