ஒன்பது புளியங்கொட்டை

சொர்ணலட்சுமிக்கு வேலை போனது ஒரு நகைச்சுவைத் தொடரால். அதை எழுதியவர் ஆணா பெண்ணா என்றுகூட அவளுக்குத் தெரியாது. ஆனாலும் இன்றுவரை அந்த ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

சாத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினாறு வருடம் மருந்து அடைத்தவள் அவள். வானத்தில் போய்ப் பூவாக விரியும் வெடிகளுக்கு அலுமினியப் பொடி கலந்த மருந்து. காலையில் கறுப்பாகப் போகிறவர்கள் மாலையில் வெள்ளிச் சிலையாக வெளியே வருவார்கள். எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் காது மடலிலும் நகக்கண்ணிலும் மினுமினுப்பு ஒட்டிக்கொண்டிருக்கும். பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரி சேலையை இழுத்துக்கொண்டு நகர்ந்து உட்காருவாள். அவள் வீட்டுப் பிள்ளைகள் தீபாவளிக்குக் கைதட்டுவதும் இதே மினுமினுப்பைப் பார்த்துத்தான்.

சொர்ணலட்சுமி பிறவியிலேயே நல்ல கறுப்பு. பெண் பார்க்க வந்த மூன்று வீட்டார் பஜ்ஜியைத் தின்றுவிட்டு நிறம் போதாது என்று எழுந்து போனார்கள். நான்காவதாக வந்த ஊர்க்காவலன் லோடுமேன். வெயிலில் மூட்டை தூக்கி அவனும் அதே நிறத்தில்தான் இருந்தான். பஜ்ஜி தீர்ந்துவிட்டதா என்று மட்டும் கேட்டான்.

அவள் வேலை பார்த்த அறையின் சுவரில் 'ஆள் அளவு 4' என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும். அறைக்கு நான்கு வாசல். தீப்பொறி கிளம்பினால் ஆளுக்கு ஒரு வாசல் வழியாக ஓடலாம். அதுதான் கணக்கு. சீசன் நெருங்கினால் உள்ளே ஒன்பது பேர் இருப்பார்கள். அதிகாரிகள் வருகிற நாள் முந்தின நாளே தெரிந்துவிடும். அன்றைக்கு ஐந்து பேருக்கு விடுப்பு. போன வருடம் பக்கத்துக் கம்பெனியில் வெடித்து ஆறு பேர் செத்தபோது, இவர்கள் முதலாளி வாசலில் பதினொரு பூசணிக்காய் உடைத்தார். பூசணிக்காய் மலிவு. இன்னொரு ஷெட் கட்டுவதற்குத்தான் செலவு ஆகும்.

அந்த அறைப் பெண்களுக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. யார் தொடங்கியதோ தெரியாது. உள்ளே போகுமுன் ஒவ்வொருத்தியும் வெளியே வேப்பமரத்தடியில் இருக்கும் தகர டப்பாவில் ஒரு புளியங்கொட்டை போடுவாள். மாலையில் ஆளுக்கொன்றாகத் திருப்பி எடுத்துக்கொள்வாள். ஏதாவது நடந்துவிட்டால் உள்ளே எத்தனை பேர் என்று வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரிய வேண்டுமே. கம்பெனிப் பதிவேட்டில் எப்போதும் நான்குதான். இந்தப் பெண்கள் வயதைக் குறைத்துச் சொல்வார்கள், காய்ச்சல் என்று பொய் சொல்லிச் சடங்கு வீட்டுக்குப் போவார்கள். டப்பா விஷயத்தில் மட்டும் யாரும் பொய் சொன்னதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்தத் தொடர் வந்தது. பக்கத்துத் தெரு நர்ஸ் ஜெயசீலி சர்ச் முடிந்து வந்து டிவியைப் போட, சொர்ணலட்சுமியும் அவளோடு மருந்து அடைக்கும் சின்னத்தாயும் போய் உட்கார்ந்தார்கள். கதை ஒரு பட்டாசுக் கம்பெனியில் நடக்கிறது. வெள்ளைத் தோல் முதலாளி, அச்சகத்தில் நிறம் பார்க்கும் அட்டையை ஒவ்வொருவர் கையோடும் வைத்துப் பார்த்து வேலை பிரிக்கிறார். வெளுப்பு என்றால் ஆபீஸ், மாநிறம் என்றால் பெட்டி மடிப்பு, கறுப்பு என்றால் மருந்து அறை. சாயங்காலம் மருந்து அறையிலிருந்து ஏழு பெண்கள் வெள்ளியாக வெளியே வருகிறார்கள். அட்டையில் அவர்கள் முதலாளியை விட வெளுப்பு. அவர் அரண்டுபோய் எழுந்து நின்று தன் நாற்காலியைக் கொடுக்கிறார். அதில் ஒருத்தி உட்கார்ந்து, அட்டையை அவர் கையோடு வைத்துப் பார்த்து, "நீ மருந்து ரூமுக்குப் போ" என்கிறாள்.

சொர்ணலட்சுமி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். மூன்று வீட்டார் தின்ற பஜ்ஜிக்கும் பேருந்தில் நகர்ந்த சேலைகளுக்கும் சேர்த்துச் சிரித்த சிரிப்பு அது. சின்னத்தாய் சிரிக்கவில்லை. "நம்மளத்தான மதினி கேலி பண்றாக?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள். நம்மை அல்ல, அட்டையைப் பிடித்தவனை என்று ஜெயசீலி சொல்லிப் பார்த்தாள். சின்னத்தாய் ஏற்கவில்லை.

வாரம் முழுக்க அதே பேச்சு. தொழிலுக்கே அவமானம் என்றார்கள் சிலர். இன்னும் உறைக்கச் சொல்லியிருக்கலாம் என்றார்கள் சிலர். நேயர்கள் கருத்துச் சொல்லலாம், அடுத்த ஞாயிறு ஒளிபரப்புவோம் என்று டிவிக்காரர்கள் அறிவித்தார்கள். கம்பெனி விழித்துக்கொண்டது. போர்மேன் உக்கிரபாண்டி ஒரு தாளோடு சொர்ணலட்சுமியிடம் வந்தார். தொழிலாளிகளை இழிவுபடுத்திவிட்டார்கள், ஓர் அறையில் ஏழு பேரைக் காட்டியது பொய், இருப்பது நான்கு பேர்தான் என்று அதில் எழுதியிருந்தது.

"ஒனக்குத்தான் வாய் நல்லா வரும் சொர்ணம். இத வாசிச்சிரு. தீபாவளி வரைக்கும் ஒன் வேலைக்கு நான் பொறுப்பு."

வாசிக்காவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. ஊர்க்காவலனுக்கு இடுப்புப் பிடித்து மூன்று மாதமாக லோடு ஏற்ற முடியவில்லை. அவள் வேலையில்தான் உலை கொதித்தது.

சாப்பாட்டு நேரத்தில் ஆபீஸ் அறையிலிருந்து டிவிக்காரர்களுக்குப் போன் போட்டார்கள். உக்கிரபாண்டி பக்கத்திலேயே நின்றார். சொர்ணலட்சுமி திக்காமல் வாசித்தாள். ஏழு பேர் என்ற இடம் வந்ததும், மறுமுனையில் இருந்த பெண் சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டாள்.

"அப்ப உங்க ரூம்ல எத்தனை பேரும்மா இருக்கீங்க?"

நான்கு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். தாளிலும் அதுதான் இருந்தது. ஆனால் பதினாறு வருடமாக அவளிடம் யார் ஆள் கணக்குக் கேட்டாலும் கண்ணுக்குள் அந்தத் தகர டப்பாதான் வரும்.

"காலையில ஒம்பது புளியங்கொட்டை விழுந்துச்சும்மா," என்றாள். சொன்ன பிறகு நிறுத்தவும் முடியவில்லை. "ஏழுன்னு காட்டுனது தப்புத்தான். நாங்க ஒம்பது பேரு. வாசல் நாலு."

உக்கிரபாண்டி போனைப் பிடுங்கி வைத்தார். அன்று மாலை அவள் தன் கொட்டையை எடுத்துக்கொண்டபோது இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவள் குரலை வெட்டாமல் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை முன்னறிவிப்பில்லாமல் இரண்டு ஜீப் வந்தது. அறைக்குச் சீல். பதினைந்து நாள் எட்டுப் பெண்களுக்கு வேலை இல்லை. தெருக்குழாயில் சின்னத்தாய் அவள் குடத்துக்கு அருகில் தன் குடத்தை வைக்கவில்லை. சொர்ணலட்சுமி தன் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். என்ன பேசுவது? பட்டினி கிடக்கிறவளிடம் உன் உயிரைக் காப்பாற்றினேன் என்று சொன்னால், அது அவளுக்கு வசவு மாதிரிதான் கேட்கும்.

ஜெயசீலிதான் திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் சொல்லி காலண்டர் அடுக்கும் வேலை வாங்கிக் கொடுத்தாள். போன முதல் நாளே அங்கே நிறம் பார்க்கும் அட்டையைப் பார்த்துவிட்டு சொர்ணலட்சுமி தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் யாரும் இல்லாதபோது தன் கையை வைத்துப் பார்த்தாள். அவள் நிறமும் அதில் இருந்தது, மற்ற நிறங்களைப் போலவே ஓர் எண்ணோடு.

கம்பெனி வேறு வழியின்றி புதிதாக ஒரு ஷெட் கட்டி, அறைக்கு நான்கு பேராகப் பிரித்தது. புரட்டாசியில் ஒரு பகல், அந்தப் பழைய அறையில் மருந்து உரசித் தீப்பிடித்தது.

அடுத்த ஞாயிறு சின்னத்தாய் சொர்ணலட்சுமி வீட்டு வாசலில் வந்து நின்றாள். முழங்கையில் கட்டு. உள்ளே வந்து உட்கார்ந்து, கொடுத்த காப்பியைப் பாதி குடித்த பிறகுதான் பேசினாள்.

"நாலு வாசல் மதினி. ஆளுக்கு ஒண்ணு. யாரு மேலயும் யாரும் விழல. வெளிய வந்து டப்பாவப் பாத்தா நாலு கொட்ட. எண்ணிப் பாத்துட்டு அங்கனயே உக்காந்து அழுதேன்."

சொர்ணலட்சுமி அவள் கட்டுப் போடாத கையைப் பிடித்துக்கொண்டாள். எந்தச் சாமிக்கும் இதில் பங்கில்லை என்று அவளுக்குத் தெரியும். யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து ஒரு கேலிக்கதை எழுதினார். யாரோ ஒரு பெண் போனில் ஒரு கேள்வி கேட்டாள். இரண்டு பேரின் முகமும் தெரியாமல் நன்றியை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதுதான் குறை.

"ஆனா ஒண்ணு," என்றாள் சின்னத்தாய். "அந்த நாடகம் எனக்கு இப்பவும் பிடிக்கல. செவத்த பொம்பளைகளுக்கு மைய அப்பித்தான் கருப்பாக் காட்டணுமா? நெசக் கருப்பிக்கு நடிக்க வராதாக்கும்?"

சொர்ணலட்சுமிக்கு அது தோன்றவே இல்லை. யோசித்துப் பார்த்தாள். சரியாகத்தான் இருந்தது. எழுந்துபோய் போனை எடுத்து, அந்த டிவிக்காரர்களின் எண்ணைத் தேடிப் போட்டு, சின்னத்தாயிடம் நீட்டினாள்.

"இதையும் அவுக கேக்கணும்ல. நீயே சொல்லு. மொதல்ல நன்றியச் சொல்லிரு, அப்புறம் இதச் சொல்லு."