கால் அசையக் கூடாது

சட்டைத் தொழிற்சாலையில் அவளுக்குக் காலர் அக்கா என்றுதான் பெயர். காலர் வைப்பதில் கை அப்படி. ஆனால் இரண்டு வருடமாகக் கறுப்புத் துணி தவிர வேறு உடுத்துவதில்லை. வேலை நடுவே எல்லாரும் பார்க்கக் கழிப்பறைக்கு எழுந்து போகக் கூசி, காலையில் குடித்த அரை டம்ளர் தண்ணீரோடு மாலைவரை வாயைக் கட்டிவிடுவாள். தும்மினால் சிறுநீர் கசியும். பக்கத்து மிஷின்காரி ஜோக் அடித்தால் போச்சு. பஞ்சு பறக்கிற இடத்தில் தும்மாமல் இருப்பது எப்படி? மூன்று மாதத்தில் வேலையிலிருந்து நின்றுவிடுவதாகச் சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டாள். காரணம் கேட்டவர்களிடம் முதுகுவலி என்றாள். வீட்டுக்காரரிடமும் அதே முதுகுவலிதான். அவர் பாவம், தைலம் வாங்கிவந்து தேய்த்துவிட்டார்.

ஒருநாள் சிறுநீர் போகும்போது எரிச்சல் தாங்காமல் ஆஸ்பத்திரிக்குப் போனாள். "தண்ணி குடிக்கறதே இல்லையா? ஏம்மா?" என்று டாக்டரம்மா கேட்டதும், அந்த ஏனுக்குப் பதிலாக அழுகைதான் வந்தது. மெல்ல எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, எரிச்சலுக்கு மாத்திரை எழுதி, பிசியோதெரபி அறைக்கு அனுப்பினார்.

"ரெண்டு புள்ள பெத்தாச்சு. இதெல்லாம் சகஜம்னு எங்கம்மா சொன்னாங்க."

"சளியும் சகஜம்தான். மருந்து சாப்பிடறதில்லையா?" என்றாள் பிசியோதெரபிப் பெண்.

சிறுநீர்ப்பையை அடியிலிருந்து தாங்கும் தசை தளர்ந்திருக்கிறது. அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். தடவைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. பலன் தெரிய மூன்று மாதமாகும். தண்ணீரை மட்டும் நிறுத்தக் கூடாது.

வீட்டில் ஏது நேரம்? மிஷினில் உட்கார்ந்தபடியே இறுக்கினாள். இறுக்கும்போதெல்லாம் மிஷின் பிய்த்துக்கொண்டு ஓடியது. செக்கிங்கிலிருந்து ஆறு சட்டை திரும்பி வந்தது.

"என்னக்கா, தையல் குடிச்சிட்டு நடக்குது?" என்றாள் பக்கத்து மிஷின்காரி.

அடுத்த வாரம் பிசியோதெரபிப் பெண்ணிடம் பொரிந்து தள்ளினாள். "உங்க பயிற்சிய நம்பினா மூணு மாசம் எதுக்கு? இப்பவே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க!"

நாற்காலியில் உட்காரவைத்துச் செய்யச் சொன்னாள் அவள். தொடை விறைத்தது, பாதம் தரையை அழுத்தியது.

"அக்கா, நீங்க கால இறுக்கறீங்க. கால் அசையவே கூடாது. உள்ள மட்டும். மூச்சையும் பிடிக்காதீங்க."

காலர் அக்காவுக்குச் சட்டென்று பிடிபட்டது. இத்தனை நாளாக மிஷினும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. முதலில் படுக்கையில் பழகினாள், பிறகு மிஷினில். பெடல் ஒரே வேகத்தில் போனால் சரி, பாய்ந்தால் தப்பு. முகத்தில் ஒன்றும் காட்டாமல், காலரின் வளைவைத் திருப்பிக்கொண்டே ஐந்து எண்ணுவாள். ஐந்தாம் வாரம்வரை ஒன்றும் மாறவில்லை. குளியலறையில் உட்கார்ந்து அழுதாள். ஒன்பதாம் வாரம் ஒரு தும்மலுக்கு நனையவில்லை. அடுத்ததற்கு நனைந்தது. கூடியும் குறைந்தும், தினமும் என்பது வாரத்துக்கு ஒருமுறை என்றானது.

பன்னிரண்டாம் வாரம் சூப்பர்வைசர் புதிதாக ஒரு பெண்ணைக் கூட்டிவந்தார். "அக்கா, போறதுக்குள்ள இவங்களுக்குக் காலர் சொல்லிக் குடுத்துடுங்க."

"இவங்களுக்குச் சட்டைக் கை தைக்கக் குடுங்க சார். இந்த எடத்துல நான் இருக்கேன்."

"போறேன்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். இப்ப மாத்திச் சொல்றேன்."

இடைவேளைக்கு இன்னும் அரை மணி இருந்தது. எல்லார் கண்ணெதிரேயும் எழுந்து, நிதானமாகக் கழிப்பறைப் பக்கம் நடந்தாள்.