மாடியில் பூத்த சௌசன்

அந்தியூர்ப் பக்கத்து ரெங்கராஜுக்குக் குவைத்தில் பதினோரு வருஷமாக ஒரே வீட்டில் தோட்ட வேலை. தங்குவது ஃபர்வானியாவில், நாலு பேர் ரூமில். வீட்டுக்காரி மனால் ரிட்டயரான டீச்சர். ஒருமுறை வெளிநாடு போய் வந்தவர் ஐந்து கிழங்குகளைக் கொடுத்தார். அரபியில் சௌசன், நர்சரிக்காரர்களுக்கு ஐரிஸ். இடுப்பு உயரத் தண்டு, ஊதாப் பூ, கீழிதழில் மஞ்சள் தாடி என்று புத்தகத்தில் படம் காட்டினார்.

மஞ்சள் காட்டில் பிறந்தவனுக்குக் கிழங்கு நட யார் கற்றுத்தர வேண்டும்? ஆழக் குழிதோண்டிப் புதைத்துத் தினமும் தண்ணீர் விட்டான். இரண்டு மாதத்தில் நாலு அழுகிவிட்டன. வெயில்மேல் பழி போட்டிருக்கலாம். ஆனால் அழுகியதைத் தட்டில் எடுத்துப் போய்க் காட்டி, தப்பு தன்னுடையது என்றான். "கலாஸ்", அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டு மனால் உள்ளே போய்விட்டார்.

மிஞ்சிய ஒன்றை அவன் விடவில்லை. நர்சரியிலிருந்த சிரியாக்காரர் விவரம் சொன்னார். கிழங்கின் முதுகு மண்ணுக்கு மேலே வெயில் காய வேண்டும், ஈரம் தேங்கக் கூடாது, நல்ல குளிர் பட்டால்தான் பூ. மனால் வீட்டு மாடியில் சரளை கலந்த தொட்டியில் வைத்து, கோடைக்கு நிழல்வலை கட்டினான். இரண்டு வருஷம் வெறும் இலை. மூன்றாம் வருஷம் கார்த்திகையில் கிழங்கைத் தோண்டி, தாளில் சுற்றி, ரூம் ஃபிரிட்ஜில் ஆறு வாரம் வைத்தான். டீக்கு இஞ்சி என்று நினைத்து ரூம்காரன் முகிலன் அதைத் தட்டப் போனான்.

"அதத் தின்னா வாந்திதான் வரும் மாப்ளே. கீழ வை."

மறுபடி தொட்டியில் நட்டதும், பங்குனியில் தண்டு வந்தது. பூ விரிந்தபோது மனால் முழங்கால் ஆபரேஷன் முடிந்து லண்டனில் மகள் வீட்டில் இருந்தார். படம் அனுப்பினான். உடனே போன் வந்தது.

"வாசம் எப்படி இருக்கு?"

மோந்து பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை. போனோடு குனிந்தான்.

"திராட்சை ஜூஸ் மாதிரி, மேடம்."

"புத்தகத்தில் அது போடவில்லையே" என்றார் மனால். வெட்டி ஜாடியில் வைக்கட்டுமா என்று கேட்டான். வேண்டாம், செடியிலேயே இருக்கட்டும் என்றார்.

தண்டிலிருந்த மூன்று மொட்டும் பத்து நாளில் பூத்து முடிந்தன. அவர் ஊர் திரும்பியபோது காய்ந்த தண்டுதான் இருந்தது. தடி ஊன்றி மாடியேறி வந்து பார்த்தார். ஐப்பசியில் கிழங்கைப் பிரிக்கும்போது, தானும் வெட்டிப் பார்க்கிறேன் என்று கத்தியை வாங்கினார். முதல் வெட்டு கோணலாக விழுந்தது. வெட்டு அழுகாமலிருக்க அவன் சாம்பலைத் தொட்டு அதில் தடவினான்.

இப்போது ஏழு தொட்டி. போன வருஷம் இரண்டு பூத்தது. இந்த வருஷம் இன்னும் ஒன்றுமில்லை.